கருவேலங்காட்டில் கம்பிவேலி

அமெரிக்க எல்லையை அனுமதியின்றித் தாண்டுவது 1929 வரை குற்றம் அல்ல. பிடிபட்டவரைத் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதான். அந்த ஆண்டு மார்ச் மாதம் தென் கரோலினாவின் செனட்டர் கோல்மன் பிளீஸ் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. கறுப்பினத்தவரை அடித்துக் கொல்லும் கும்பல்களை மேடையேறி ஆதரித்துப் பேசியவர் அவர். அந்தச் சட்டப்படி, அனுமதியின்றி நுழைவது சிறு குற்றம். நாடுகடத்தப்பட்ட பிறகு மீண்டும் நுழைவது பெருங்குற்றம். மெக்சிகோவிலிருந்து ஆள் வருவதையே தடுக்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. பருத்திக்கும் கரும்புக்கும் கூலியாள் இல்லாமல் போய்விடும் என்றது பண்ணையார்களின் தரப்பு. இரு தரப்புக்கும் கிடைத்த சமரசம் இது: வேண்டும்போது கூலிக்கு ஆள் வரலாம், வேண்டாதபோது அவரைச் சிறையில் போடலாம். இன்று 1325, 1326 என்ற எண்களில் அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் இருப்பவை அதே பிரிவுகள்தாம்.

காகிதத்தில் இருந்த அந்தச் சட்டம் கட்டடமாகவும் கூடாரமாகவும் பங்குச் சந்தை நிறுவனமாகவும் வளர்ந்த கதையைத் தெற்கு டெக்சாஸில் ஊர் ஊராகக் காணலாம். ஹூஸ்டனில் தொடங்கி ரியோ கிராண்டே ஆற்றின் கழிமுகம் வரை செல்லும் சாலைகளில் பெட்ரோல் நிலையம், தேவாலயம், தடுப்பு முகாம் என்ற மூன்றும் மாறி மாறி வருகின்றன.

ஹூஸ்டன்

ஹூஸ்டனில் இறங்கும் தமிழருக்கு ஊர் அந்நியமாகத் தெரியாது. ஹில்கிராஃப்ட் சாலையில் மகாத்மா காந்தி மாவட்டம் என்றே பெயர்ப்பலகை இருக்கிறது. சேலைக்கடையும் நகைக்கடையும் இட்லியும் அங்கே கிடைக்கும். தெற்கே பேர்லேண்டில் மீனாட்சி கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. பல இந்திய உணவகங்களில் முன்னால் நின்று பரிமாறுபவர் இந்தியராக இருப்பார்; உள்ளே அடுப்படியில் நிற்பவர் ஹோண்டுராஸ்காரராகவோ எல் சால்வடோர்காரராகவோ இருப்பார். விசா வரிசையில் நின்று வந்தவரும் ஆற்றைத் தாண்டி வந்தவரும் ஒரே சாம்பார் வாசனையில் வேலை செய்கிறார்கள்.

நகரின் வடக்கே, விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்குகளுக்கு இடையே, தானும் ஒரு கிடங்கு என்ற தோற்றத்தில் இருக்கிறது ஹூஸ்டன் செயலாக்க மையம். அமெரிக்காவின் இன்றைய தனியார் சிறைத் தொழிலுக்கு இதுதான் தாய்வீடு. 1983-இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் கரெக்ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா தொடங்கப்பட்டது. நிறுவியவர்கள் மூவர்: குடியரசுக் கட்சியின் மாநிலத் தலைவராக இருந்த தாமஸ் பீஸ்லி, அவருடைய ராணுவப் பள்ளித் தோழர் ராபர்ட் கிராண்ட்ஸ், சிறைத்துறை அதிகாரி டி. டான் ஹட்டோ. முதல் பெரிய ஒப்பந்தம் குடிவரவுத் துறையிடமிருந்து வந்தது. ஆட்களை அடைக்க வேண்டிய நாள் நெருங்கியும் கட்டடம் எழும்பவில்லை. ஒலிம்பிக் என்ற சாலையோர மோட்டலை வாடகைக்கு எடுத்து, சுற்றிக் கம்பிவேலி போட்டு, 1984 ஜனவரியில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முதலில் வந்தவர்களின் கைரேகையை ஹட்டோவே எடுத்தார். அந்த ஏப்ரலில் உண்மையான கட்டடம் திறக்கப்பட்டது. காரும் வீடும் ஹாம்பர்கரும் விற்பது போலத்தான் இதையும் விற்க வேண்டும் என்று பீஸ்லி பின்னர் ஒரு வணிக இதழிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

இந்தத் தொழில் குற்றவாளிகளிடமிருந்து தொடங்காமல் குடியேறிகளிடமிருந்து தொடங்கியது தற்செயல் அல்ல. கொலைகாரனைத் தனியாரிடம் ஒப்படைத்தால் வாக்காளர் கேள்வி கேட்பார். வாக்குரிமையும் இல்லாமல், கேட்க உறவும் இல்லாமல் இருப்பவரை ஒப்படைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். போட்டி நிறுவனமான வேக்கன்ஹட்டும் 1987-இல் கொலராடோவின் அரோரா நகரில் ஒரு குடியேறிகள் முகாமை வைத்துத்தான் தொடங்கியது. முதலாவது நிறுவனத்தின் இன்றைய பெயர் கோர்சிவிக். இரண்டாவது, ஜியோ குழுமம். 2023-இல் ஜியோவின் வருமானம் ஏறத்தாழ 240 கோடி டாலர். அதில் மிகப் பெரிய பங்கைக் கொடுத்தது ஐஸ் எனப்படும் குடிவரவு, சுங்க அமலாக்கத் துறை.

கைதி உடலை வாடகைக்கு விடுவது ஹூஸ்டன் வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. தென்மேற்கே, இந்தியர்கள் நிறைய வீடு வாங்கியிருக்கும் சுகர்லேண்ட் புறநகரில், 2018-இல் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. கரும்புத் தோட்டங்களுக்கு அரசு குத்தகைக்கு விட்ட கறுப்பினக் கைதிகள் அவர்கள்.

டெய்லர்

ஹூஸ்டனிலிருந்து வடமேற்கே செல்லச் செல்ல மண் கறுக்கிறது. கோவில்பட்டிக்காரர் காரை நிறுத்திக் கையில் அள்ளிப் பார்க்கத்தக்க அசல் கரிசல், விளைவதும் பருத்திதான். ஆஸ்டின் நகருக்கு அருகே உள்ள டெய்லர் இந்தக் கரிசலில் வளர்ந்த சிற்றூர். செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் விட்டுச்சென்ற கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டி காலையில் கிடைக்கும். மதியத்துக்கு லூயி மியூலர் கடை இருக்கிறது. 1949 முதல் ஓக் விறகில் மாட்டிறைச்சியைப் பல மணி நேரம் வாட்டி, தட்டு இல்லாமல் தாளில் வைத்துத் தருகிறார்கள். சுவர்களில் படிந்த புகைக்கரியை யாரும் துடைப்பதில்லை, அதுவே கடையின் கௌரவம்.

ரயில் பாதையை ஒட்டி நிற்கும் தடுப்பு முகாமுக்கு டி. டான் ஹட்டோ என்று பெயர், அந்த நிறுவனரின் நினைவாக. அவர் டெக்சாஸின் ராம்சி சிறைப் பண்ணையில் கைதிகளை வைத்துப் பருத்தி விளைவித்தவர்; பின்னர் ஆர்கன்சா மாநிலச் சிறைகளின் தலைவர். அந்தச் சிறைகளின் நிலை மனிதத்தன்மையற்ற தண்டனை என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் ஏற்றுக்கொண்ட வழக்கின் பெயரிலும் ஹட்டோ இருக்கிறார். அப்படிப்பட்டவரின் பெயர் தாங்கிய இந்த இடத்தில், 2006 மே முதல் தாய் தந்தையரோடு பிள்ளைகளையும் அடைத்தார்கள். சிறையாகக் கட்டிய கட்டடம் அது. சிறைக்கான நடைமுறைகளும் தொடர்ந்தன. கைக்குழந்தைக்கும் சிறைச் சீருடை, நாளுக்குப் பல முறை தலை எண்ணல், தொடக்கத்தில் ஒரு மணி நேரமே படிப்பு. அடம்பிடிக்கும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவோம் என்ற மிரட்டலும் உண்டு. 2007-இல் அமெரிக்கச் சிவில் உரிமைகள் சங்கமும் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியும் வழக்குத் தொடர்ந்தன. அதே ஆகஸ்டில் நிலைமையைச் சீர்செய்ய உடன்பாடு வந்தது. 2009-இல் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பெண்கள் முகாமாக அது தொடர்ந்தது.

ஆஸ்டினிலிருந்து தன்னார்வலர்கள் வாரந்தோறும் இந்தப் பெண்களைப் பார்க்க வருவார்கள். சட்ட உதவி செய்ய அவர்களால் முடியாது. பெயர் சொல்லி அழைக்க வெளியிலிருந்து ஒருவர் வருகிறார் என்பது மட்டுமே அந்தச் சந்திப்பின் பயன், அதுவே போதுமான காரணமாகவும் இருந்தது. உள்ளூர் எதிர்ப்பு வலுத்து, 2018 ஜூனில் வில்லியம்சன் கவுண்டியின் ஆணையர்கள் ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவு செய்தார்கள். கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது. ஐஸ் துறை கவுண்டியை விட்டுவிட்டு நிறுவனத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. முகாம் ஒரு நாளும் மூடவில்லை. ஊரின் மறுபுறம் சாம்சங் நிறுவனம் கணினிச் சில்லுத் தொழிற்சாலை கட்டியிருக்கிறது. கொரியப் பொறியாளர்கள் முறையான விசாவில் வந்து அங்கே பணிபுரிகிறார்கள்.

பானா மரியா, கார்ன்ஸ் சிட்டி

சான் அன்டோனியோவுக்குத் தென்கிழக்கே, சாலையோரம் ஓக் மரங்கள் சூழ நிற்கும் சிற்றூர் பானா மரியா. அமெரிக்காவில் போலந்துக்காரர்களின் மிகப் பழைய குடியேற்றம் இதுதான். 1854-இல் மேல் சைலீசியாவிலிருந்து ஏறத்தாழ நூறு குடும்பங்கள் கப்பலேறி, கால்வெஸ்டன் துறைமுகத்தில் இறங்கி, கலப்பையும் பெட்டியும் சிலுவையுமாக உள்நாட்டுக்கு நடந்தன. கிறிஸ்துமஸ் முதல்நாள் இரவில் ஒரு ஓக் மரத்தடியில் முதல் பூசை நடந்ததாக ஊர் சொல்கிறது. அவர்களிடம் விசா கேட்டவர் யாரும் இல்லை, அப்படியொன்று அப்போது இருக்கவே இல்லை. ‘எங்கள் முன்னோர் சட்டப்படி வந்தார்கள்’ என்று பெருமை பேசும் அமெரிக்கர் பலருக்கும் இது பொருந்தும். மீறுவதற்குச் சட்டமே இல்லாத காலத்தில் வந்தவர்கள் அவர்களின் முன்னோர்.

சில மைல் தெற்கே கார்ன்ஸ் சிட்டி. ஈகிள் ஃபோர்ட் பாறைப் படிவத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் பகுதி. இரவில் அடிவானமெங்கும் எரிவாயுச் சுடர்கள். 2012 மார்ச்சில் ஜியோ குழுமம் 608 படுக்கைகளோடு இங்கே ஒரு முகாமைத் திறந்தது. தடுப்புக்காவல் என்பது தண்டனை ஆகாது, ஆகவே சிறையாகவும் இருக்கக்கூடாது என்ற சீர்திருத்தத்தின் மாதிரிக் கட்டடம் அது. சீருடை இல்லை, கால்பந்துத் திடலும் நூலகமும் உண்டு. இரண்டே ஆண்டில், 2014-இல், மத்திய அமெரிக்கத் தாய்மாரும் பிள்ளைகளும் பெருமளவில் வந்தபோது அதே கட்டடம் குடும்பங்களை அடைக்கும் இடமாயிற்று.

தண்டனை ஆகாது என்ற கோட்பாட்டுக்கு வயது நூற்றுமுப்பதுக்கும் மேல். நாடுகடத்தல் தண்டனை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1893-இல் சீனத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. மூன்றாண்டு கழித்து இன்னொரு சீனர் வழக்கில், விசாரணையின்றிக் கடுங்காவல் விதிக்கக் கூடாது, ஆனால் அனுப்பும் வரை அடைத்து வைக்கலாம் என்றது. விளைவு விசித்திரமானது. தண்டனை இல்லை என்பதால் அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடையாது, ஜூரி கிடையாது, இத்தனை நாளில் வெளியே வரலாம் என்ற கணக்கும் கிடையாது. திருடனுக்குத் தன் விடுதலை நாள் தெரியும். தஞ்சம் கேட்டவருக்குத் தெரியாது. அனுப்ப வழியில்லாதவரைப் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2001-இல் ஒரு தீர்ப்பு வந்தது. வழக்கு நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு அவ்வப்போது பிணை விசாரணை நடத்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று 2018-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

தமிழ் வாசகர் இதைக் கேட்டு அமெரிக்காவை மட்டும் பழிக்க வேண்டியதில்லை. திருச்சி மத்திய சிறை வளாகத்தில் இருக்கும் சிறப்பு முகாமும் சட்டத்தின் பார்வையில் சிறை அல்ல. நீதிமன்றம் பிணை கொடுத்த ஈழத் தமிழர்களும் வெளிநாட்டினரும் அங்கே அடைபட்டிருக்கிறார்கள், உண்ணாவிரதங்களும் நடந்திருக்கின்றன. வேறுபாடு ஒன்று உண்டு. திருச்சி முகாமில் ஆள் குறைந்தால் யாருடைய பங்கு விலையும் இறங்காது.

டில்லி

மேற்கே திரும்பினால் நிலம் வறள்கிறது. இராமநாதபுரத்துக்காரர் இங்கே வந்தால் ஒரு கணம் திகைப்பார், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சீமைக்கருவேலம். மெஸ்கீட் என்று இங்கே வழங்கும் மரம் அதன் உடன்பிறப்பு. இது அதன் சொந்த மண். சப்பாத்திக்கள்ளியும் அப்படியே. அதன் முள்ளைச் சீவி, நறுக்கி, முட்டையோடு வதக்கி மக்காச்சோள ரொட்டியில் மடித்துக் கொடுப்பது இங்கே சாதாரணக் காலையுணவு. புளிப்பும் வழுவழுப்புமாக வெண்டைக்காயை நினைவூட்டும்.

பியர்சல் ஊரின் அடையாளம் ஒரு பெரிய நிலக்கடலைச் சிலை. டில்லியின் அடையாளம் ஒரு தர்ப்பூசணிச் சிலை. இரண்டு ஊரிலும் இன்று முக்கிய வரவு வேறு. பியர்சலில் 2005 முதல் ஜியோவின் 1,904 படுக்கை முகாம். டில்லியில் 2014 டிசம்பரில் திறந்த 2,400 படுக்கை முகாம், நாட்டிலேயே மிகப் பெரிய குடும்பத் தடுப்பு முகாம். எண்ணெய்த் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் பக்கத்தில், டிரெய்லர் வீடுகளை வரிசையாக வைத்து அமைத்தது. குழந்தைகளுக்கு இதமாக இருக்கட்டும் என்று பகுதிகளுக்கு மஞ்சள் தவளை, பழுப்புக் கரடி என்றெல்லாம் பெயர் வைத்தார்கள்.

ஒப்பந்தம் போட்ட விதம் படித்தால் சிரிப்பு வரும். டெண்டர் விட்டால் மாதக்கணக்காகும் என்பதால், ஏறத்தாழ 900 மைல் தொலைவில் அரிசோனாவில் உள்ள ஈலாய் என்ற சிற்றூரோடு ஏற்கெனவே இருந்த ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அரசு ஈலாய்க்குப் பணம் கொடுக்கும், ஈலாய் கோர்சிவிக் நிறுவனத்துக்குக் கொடுக்கும், நிறுவனம் டில்லியில் முகாம் நடத்தும். நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர். படுக்கையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொகை ஒன்றே. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கை அலுவலர் 2018-இல் இதைக் கண்டித்தார்.

நாட்டின் பல மூலைகளிலிருந்து சம்பளமின்றி வந்த வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் டில்லியின் மோட்டல்களில் வாரம் வாரமாகத் தங்கினார்கள். பகலில் தாய்மாரை நேர்காணலுக்குத் தயார் செய்வார்கள். இரவில் அறிக்கை தட்டச்சு செய்வார்கள். ஊருக்குத் திரும்பினால் பயம் என்று சொல்பவர், அது நம்பத்தக்க பயம் என்று ஓர் அதிகாரியை ஏற்கச் செய்ய வேண்டும். தோற்றால் நீதிபதி முன் முழு விசாரணை கிடையாது. 1996-இல் வந்த விரைவு வெளியேற்றச் சட்டம் இது. இதை உச்ச நீதிமன்றம் வரை எடுத்துச் சென்றவர் ஒரு ஈழத் தமிழர். பால் பண்ணை வைத்திருந்த அவர், வேனில் கடத்தப்பட்டு அடிபட்ட பின் ஊரை விட்டு வந்தவர். கலிபோர்னியா எல்லையைத் தாண்டி 25 கெஜம் வருவதற்குள் பிடிபட்டார். 2020 ஜூனில் தீர்ப்பு அவருக்கு எதிராக 7-க்கு 2 என வந்தது. அத்தனை அருகில் பிடிபட்டவர் இன்னும் நாட்டுக்குள் வராதவராகவே கருதப்படுவார் என்ற தர்க்கம், அவருக்குப் பின் வந்த எத்தனையோ நாட்டவருக்கும் சட்டமாகிவிட்டது.

டில்லி முகாம் 2024-இல் மூடப்பட்டது. 2025-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இதே ஊரில் இருக்கும் பிரிஸ்கோ மாநிலச் சிறையை 2021-இல் காலி செய்து, பண்ணைகளில் அத்துமீறி நுழைந்த குற்றத்துக்காகப் பிடிபட்ட குடியேறிகளால் டெக்சாஸ் அரசு நிரப்பியது. எல்லைக் குற்றம் மத்திய அரசின் அதிகாரம் என்பதால் மாநிலம் கண்டுபிடித்த குறுக்குவழி அது. எழுபது மைல் வடக்கே இருக்கும் சான் அன்டோனியோவிலிருந்துதான் 2025 பிப்ரவரியில் ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களைக் கைகால் விலங்கோடு ஏற்றிச் சென்று அமிர்தசரஸில் இறக்கியது.

கிரிஸ்டல் சிட்டி

மேற்கே ஒரு மணி நேரம். ஊர் நடுவில் பாப்பாய் சிலை. கீரை விளைச்சலுக்கு நன்றியாக 1937-இல் வைத்தது. ஊர் ஓரத்தில் புல் மண்டிய திடலில் சிமெண்டுத் தளங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. 1942 இறுதியிலிருந்து 1948 வரை இங்கே இருந்தது இரண்டாம் உலகப் போர்க்காலக் குடும்ப முகாம். ஜப்பானியர், ஜெர்மானியர், சில இத்தாலியர் எனத் தாய் தந்தை பிள்ளைகளாக உச்சக்கட்டத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். பள்ளிக்கூடம் இருந்தது. வெயில் தாங்காமல் பாசனத் தொட்டியை அவர்களே நீச்சல்குளமாக மாற்றினார்கள். அதில் மூழ்கி இரண்டு சிறுமிகள் இறந்தார்கள்.

இறந்த சிறுமிகள் பெருவிலிருந்து வந்த ஜப்பானியர்கள். குடியேற்றத்தைக் குற்றமாக்குவது எந்த எல்லைக்குப் போகும் என்பதை அந்தப் பெரு ஜப்பானியர் கதை சொல்லிவிடுகிறது. லிமாவில் முடிதிருத்தகமும் பலசரக்குக் கடையும் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர்களை அமெரிக்க அரசின் தூண்டுதலில் பெரு அரசு பிடித்துக் கொடுத்தது. ஜப்பானிடம் சிக்கிய அமெரிக்கர்களுக்கு ஈடாகக் கைமாற்ற ஆள் தேவைப்பட்டது. கப்பலில் துப்பாக்கி முனையில் கொண்டுவந்தார்கள், கடவுச்சீட்டுகளைப் பறித்தார்கள். போர் முடிந்ததும், ஆவணமின்றி நாட்டுக்குள் நுழைந்தவர்கள் என்று சொல்லி அவர்களையே நாடுகடத்த முனைந்தார்கள். பெரு திரும்ப ஏற்கவில்லை. பலர் போரில் சிதைந்த ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார்கள். வெய்ன் காலின்ஸ் என்ற வழக்கறிஞர் போராடி ஏறத்தாழ முந்நூறு பேரை நிறுத்தி வைத்தார். 1988-இல் அமெரிக்க ஜப்பானியருக்கு மன்னிப்போடு தலைக்கு 20,000 டாலர் கிடைத்தது. பெருக்காரர்களுக்கு அது இல்லை. அப்போது அவர்கள் சட்டப்படி குடியிருக்கவில்லையாம். பத்தாண்டு கழித்து ஒரு வழக்குச் சமரசத்தில் 5,000 டாலர் கொடுத்தார்கள்.

இந்த முகாமில் சிறுவயதைக் கழித்தவர்கள், முதியவர்களாக 2019 மார்ச்சில் இங்கே திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் நினைவுச்சின்னத்தோடு நிற்கவில்லை. டில்லிக்குப் போய், முகாமின் வேலியில் ஆயிரக்கணக்கான காகிதக் கொக்குகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

டெல் ரியோ

ஆற்றங்கரை ஊர். அக்கரையில் மெக்சிகோவின் அகூன்யா. 2005 டிசம்பரில் இங்கே தொடங்கிய ஸ்ட்ரீம்லைன் நடவடிக்கைதான் 1929 சட்டத்துக்குப் புதிய பற்களைக் கட்டியது. காரணம் கொள்கையைவிட இடநெருக்கடி. குடிவரவுத் தடுப்புக்காவலில் படுக்கை போதவில்லை; பிடித்தவர்களை விட்டுவிட வேண்டியிருந்தது. குற்றவழக்குப் போட்டால் வேறு துறையின் சிறையில் வைக்கலாம். ஆகவே, குறித்த ஆற்றுப்பகுதியில் பிடிபடும் ஒவ்வொருவர் மீதும் வழக்கு என்று முடிவாயிற்று.

அரிசோனாவின் டூசான் நகருக்கு 2008-இல் பரவியபோது அங்கே தினமும் எழுபது பேர். காலில் விலங்கு, இடுப்பில் சங்கிலி, காதில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்புக் கருவி, வழக்கறிஞரோடு சில நிமிடப் பேச்சு. பிறகு நீதிபதி கேட்க, வரிசையாகக் குற்ற ஒப்புதல். முதல் முறை நுழைந்தவருக்கு அதிகபட்சம் ஆறு மாதம். திரும்ப நுழைந்தவருக்கு இரண்டு ஆண்டு. முன் தண்டனையைப் பொறுத்து இருபது வரை போகும். கூட்டாக ஒப்புக்கொள்ள வைப்பது விதிமீறல் என்று 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகு, ஒவ்வொருவராகக் கேட்டார்கள். வேகம் பெரிதாகக் குறையவில்லை. சில ஆண்டுகளில் மத்திய நீதிமன்றங்களின் குற்றவழக்குகளில் ஏறத்தாழ பாதி குடியேற்ற வழக்குகளாயின. தண்டனை பெற்றவர்களை வைக்க, அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களுக்கென்றே தனியார் சிறைகள் ஒதுக்கப்பட்டன.

இதே காலத்தில் நாடாளுமன்றம் ஒரு விநோத விதியையும் போட்டது. 2009-இல் எழுதிய நிதிச் சட்டப்படி ஐஸ் துறை எப்போதும் 33,400 படுக்கைகளைப் பராமரிக்க வேண்டும், பின்னர் 34,000. எத்தனை பேரை அடைக்க வேண்டும் என்பதைக் குற்றமோ ஆபத்தோ தீர்மானிக்காமல் வரவுசெலவுத் திட்டம் தீர்மானித்த காலம் அது. 2017-இல் அந்த வாசகம் நீக்கப்பட்டது. எண்ணிக்கை அதற்குப் பிறகுதான் இன்னும் ஏறியது. 2019 ஆகஸ்டில் 55,000-ஐத் தொட்டது.

மெக்காலன்

லரேடோ வழியாக ஆற்றை ஒட்டிக் கீழே இறங்கினால் காற்றில் ஈரம் கூடுகிறது. பனைகள், எலுமிச்சைத் தோப்புகள், கைவிடப்பட்ட கரும்பு வயல்கள். தண்ணீர் இல்லாமல் டெக்சாஸின் கடைசிச் சர்க்கரை ஆலை 2024-இல் மூடிவிட்டது.

2018 ஏப்ரலில் அன்றைய அரசு வழக்குத்துறைத் தலைவர் ஜெஃப் செஷன்ஸ் எல்லை தாண்டும் அனைவர் மீதும் குற்றவழக்கு என்று உத்தரவிட்டார். பெற்றோர் கைதியானால் பிள்ளை தனியாளாகிவிடும். இந்த ஒற்றைக் கணக்கில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிரிக்கப்பட்டார்கள். மெக்காலன் அதன் மையம். நீதிமன்றத்தில் ஒரு சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு சில மணி நேரத்தில் திரும்பிய தாய், பிள்ளை இருந்த கூண்டு காலியாக இருப்பதைக் கண்டார். ஜூன் 20-இல் குடும்பங்களைப் பிரிப்பதை நிறுத்தும் ஆணை வந்தது. சில குடும்பங்களுக்குப் பிள்ளை திரும்ப ஆண்டுகள் ஆயின. புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. பிளீஸின் சட்டமே போதுமானதாக இருந்தது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே, 2014 முதல் அருட்சகோதரி நோர்மா பிமெந்தெல் நடத்திவரும் கத்தோலிக்கத் தங்குமிடத்தின் கதை வேறு. விடுவிக்கப்பட்டு வருபவர்களுக்குச் சூடான கோழி சூப், மாற்றுத் துணி, ஷூ நாடா. நாடாக்களைக் காவலில் பறித்துவிடுவார்கள். எல்லைக் காவலர்களின் குளிர் அறையை எல்லோரும் சொல்லும் பெயர் ‘இயெலேரா’, ஐஸ்பெட்டி. அங்கிருந்து வந்த பிள்ளைகள் முதலில் கேட்பது போர்வை.

ரேமண்ட்வில்

வடகிழக்கே வில்லசி கவுண்டி. தட்டையான பருத்தி வயலும் சோளக் கொல்லையும், அவற்றின் மேல் ஆரல்வாய்மொழியைப் போலக் காற்றாலைகள். டெக்சாஸின் மிக ஏழைக் கவுண்டிகளில் ஒன்று. 2006-இல் கவுண்டி கடன்பத்திரம் வெளியிட்டு, சில மாதங்களில் பத்துப் பெரும் கூடாரங்களை எழுப்பியது. கூடாரத்துக்கு இருநூறு பேர். நடத்தியது யூட்டாவைச் சேர்ந்த மேனேஜ்மென்ட் அண்ட் டிரெய்னிங் நிறுவனம். ஒவ்வொரு கைதிக்கும் நாள் கணக்கில் கவுண்டிக்குச் சில டாலர் வரும். அதிலிருந்து கடனும் கட்ட வேண்டும், ஊரும் நடக்க வேண்டும். 2011-இல் அது தண்டனைக் கைதிகளின் சிறையாக மாறியது. மருத்துவ வசதி இல்லை, கழிவறை வழிந்தோடுகிறது என்ற புகார்கள் தீராமல், 2015 பிப்ரவரி 20-இல் கைதிகள் கூடாரங்களைக் கிழித்து எரித்தார்கள். ஏறத்தாழ 2,800 பேரை வேறிடம் மாற்றினார்கள். ஒரே வாரத்தில் சிறை காலி. நூற்றுக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. கோடிக்கணக்கான டாலர் கடன் கவுண்டியின் தலையில் நின்றது.

காவலர் வேலையை இழந்த ஊர்க்காரர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினர். கூடாரத்துக்குள் இருந்தவரும் வெளியே சாவி வைத்திருந்தவரும் ஒரே மொழி பேசினார்கள், ஒரே ரொட்டி சாப்பிட்டார்கள். வேறு வேலை இல்லாத ஊரில் சிறை வேலையைப் பழிப்பது வெளியூர்க்காரருக்கு எளிது. அவர்களைக் குறை சொல்வதைவிட, ஊரின் பிழைப்பை அடைபட்டவர் எண்ணிக்கையோடு கட்டிய கடன்பத்திரத்தைக் குறை சொல்வதே நியாயம்.

2018-இல் அதே வளாகத்தில், அதே நிறுவனம் எல் வாயே என்ற பெயரில் ஆயிரம் படுக்கை முகாமைத் திறந்தது. 2025 மார்ச்சில் வெனிசுலா நாட்டினர் பலர் இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டு, பக்கத்து ஹார்லிங்கன் விமான நிலையத்திலிருந்து எல் சால்வடோரின் பெருஞ்சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். விமானங்களைத் திருப்பச் சொன்னது வாஷிங்டன் நீதிமன்றம், அவை திரும்பவில்லை. பெரும்பகுதியினரை அனுப்பப் பயன்படுத்திய சட்டம் 1798-இன் எதிரி நாட்டவர் சட்டம், கிரிஸ்டல் சிட்டியில் ஜெர்மானியரையும் ஜப்பானியரையும் அடைக்கப் பயன்பட்ட அதே சட்டம்.

2025 ஜூலை 4-இல் கையெழுத்தான நிதிச் சட்டம் தடுப்புக்காவலுக்கு மட்டும் 4,500 கோடி டாலர் ஒதுக்கியது. ஆகஸ்டில் அடைபட்டிருந்தோர் எண்ணிக்கை 60,000-ஐத் தாண்டியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தனியார் நிறுவனங்கள் நடத்தும் முகாம்களில் இருந்தார்கள்.